இஷாவுக்கும் சுப்ஹுக்கும் இடையே: மதுவும் உறக்கமும்

அரபு மொழியில் உறக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பல. கண்ணிமை கனக்கும் முதல் நிலை ‘ஸினத்’. தலை சாயும் நிலை ‘நுஆஸ்’. ஆழ்ந்த துயில் ‘நவ்ம்’. அத்துயிலால் உடல் பெறும் ஓய்வு ‘ஸுபாத்’. போதையைக் குறிக்கும் ‘ஸுக்ர்’ என்னும் சொல்லோ, ஆற்று நீரை அணையிட்டு அடைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்ததென அகராதி ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். ‘கம்ர்’ என்பதன் வேர்ப்பொருள் மூடுதல். அறிவை மூடுவதால் மது அப்பெயர் பெற்றது. உறக்கமும் அறிவை மூடுகிறது, மதுவும் மூடுகிறது. இரண்டையும் ஒன்றெனக் கருதி, நல்ல உறக்கத்திற்காகச் சிறிது குடிப்பதில் தவறில்லை என்போர் எக்காலத்தும் இருந்துள்ளனர். இக்கருத்து வரலாற்றில் எவ்வாறு எடை போடப்பட்டது என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

மது விலக்கு ஒரே நாளில் இறங்கிய சட்டமன்று. மதுவில் பயனும் உண்டு, ஆயினும் அதன் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் முதலில் உணர்த்திற்று. பின்னர், போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்கலாகாது என்னும் அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம் அருளப்பட்டது. நாயகத் தோழர் ஒருவர் தொழுகை நடத்துகையில் போதையால் ஓதல் பிறழ்ந்ததே அதற்குக் காரணம் எனத் திர்மிதீயில் காண்கிறோம். அவ்வசனத்திற்குப் பின் ஐவேளைத் தொழுகைக்கிடையே குடிப்பது அரிதாயிற்று. ஆகவே இன்னும் விடாதிருந்த சிலர் இஷாவுக்குப் பின் குடித்தனர் என்றும், சுப்ஹு நேரத்திற்குள் அவர்களின் போதை தெளிந்துவிடும் என்றும் விரிவுரையாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

இச்செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. பகற்பொழுது மதுவிடமிருந்து மீட்கப்பட்ட பின்னும் இரவு மீட்கப்படவில்லை. போதையைத் தெளிவிக்கும் சுமை முழுவதும் உறக்கத்தின் மீது ஏற்றப்பட்டது. அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் அந்த இடைவெளியையும் அடைத்தன. அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் பேரீச்ச மது பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்கள், விலக்குச் செய்தி எட்டியவுடன் அதை வெளியே கொட்டியதை ஸஹீஹுல் புகாரி அறிவிக்கிறது.

மேற்கண்ட அந்நிஸா வசனத்திற்கு வேறொரு விளக்கமும் உண்டு. தாபியீன்களுள் ஒருவரான ளஹ்ஹாக் (ரஹ்) அவர்கள், அங்குக் கூறப்படும் போதை மதுவின் போதையன்று, உறக்கத்தின் போதையே என்றார். கி.பி. 923இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் இதை எடுத்தெழுதிவிட்டு, மதுவின் போதை என்பதையே ஏற்றார்கள். நாமும் அதையே ஏற்கிறோம். எனினும் ளஹ்ஹாக்கின் சொல் வீணன்று. தொழுகையில் தூக்கம் மேலிட்டால், அது நீங்கும்வரை உறங்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பாவமன்னிப்புக் கேட்பதாக எண்ணித் தன்னையே ஒருவர் ஏசிவிடக்கூடும் என்பதைக் காரணமாகவும் கூறினார்கள். தூக்கத்திற்கு மருந்து தூக்கமே. போதைக்கோ, விட்டொழிப்பதே மருந்து.

சட்ட வல்லுநர்களும் இவ்வேறுபாட்டைப் பேணினர். எழுதுகோல் உயர்த்தப்பட்ட மூவருள் உறங்குபவர் ஒருவர். போதையுற்றவர் அப்பட்டியலில் இல்லை. உறக்கத்தில் உளறிய தலாக் செல்லாது. போதையில் சொன்ன தலாக்கோ செல்லும் என்றே ஹனஃபீ மத்ஹபின் பிரபலமான கருத்து அமைந்தது. செல்லாது என்பது உஸ்மான் (ரலி) அவர்களின் கருத்து. எவ்வாறாயினும், தானே வருவித்துக்கொண்ட மயக்கத்தை உறக்கத்தோடு சமமாகச் சட்ட வல்லுநர்கள் பலர் வைத்ததில்லை.

மருத்துவர்களின் நிலை வேறு. கிரேக்க மரபை ஏற்ற அவர்கள், உணவும் மதுவும் ஆவியாக மூளைக்கு ஏறுவதால் உறக்கம் வருகிறதென எழுதினர். இது அரிஸ்டாட்டில் கூறிய காரணம். உடல்நலத்திற்கு இன்றியமையாத ஆறு காரணிகளுள் உறக்கமும் விழிப்பும் ஒன்றென வைத்ததும் அம்மரபே. இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ நூலில், இடைவிடாத குடி ஈரலையும் மூளையையும் கெடுத்து நரம்புகளைத் தளர்த்தும் என எச்சரித்துள்ளார். ஆயினும் அவரே தம் வரலாற்றில், இரவுப் படிப்பின்போது தூக்கம் மேலிட்டால் ஒரு கிண்ணம் ‘ஷராப்’ அருந்தி வலிமை பெற்று மீண்டும் படித்ததாகக் கூறுகிறார். ‘ஷராப்’ என்பது எப்பானத்தையும் குறிக்கும் என்று அவருக்காக வாதிடுவோர் உண்டு. அவருடைய மாணவர் ஜூஸ்ஜானீ வருணிக்கும் இரவு அவைகளை நோக்கும்போது அவ்வாதம் நிற்பது கடினம். அறிஞரின் அறிவைப் போற்றுவோம். அவருடைய பழக்கம் நமக்குச் சான்றாகாது.

இங்கு ஒரு வினா எழும். ஒருவர் தூக்கத்தை விரட்டவும், வேறொருவர் அதை வரவழைக்கவும் ஒரே பொருளை எவ்வாறு நாட முடியும்? இன்றைய ஆய்வு விடை தருகிறது. இரத்தத்தில் மதுவின் அளவு ஏறும்போது கிளர்ச்சியும், இறங்கும்போது அயர்வும் மிகுகின்றன. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும், உறக்கத்தினிடையே கண்கள் விரைந்தசையும் ஒரு நிலை இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்நிலையில் தோன்றுகின்றன. இரவின் பிற்பாதியிலேயே அது மிகுதியாக அமைகிறது. குடித்தவர் விரைந்து உறங்குகிறார். முற்பாதியில் ஆழ்ந்தும் உறங்குகிறார். ஆனால் கனவு நிலை குறைகிறது. ஈரல் மதுவைக் கரைத்து முடிக்கும் பிற்பாதியில் உறக்கம் துண்டு துண்டாகிறது. சிறுநீர் உந்துகிறது. தொண்டைத் தசைகள் தளர்வதால் குறட்டையும் மூச்சுத்தடையும் மிகுகின்றன. சில இரவுகள் தொடர்ந்தால் உறக்கம் வரவழைக்கும் ஆற்றலும் மங்கி, அளவைக் கூட்டும் நிலை வருகிறது. தாம் சிந்தித்த சிக்கல்கள் கனவிலும் தோன்றிப் பல அங்கேயே தெளிவடைந்தன என்று இப்னு ஸீனா எழுதியிருக்கிறார். அத்தகைய கனவுகளுக்குரிய உறக்கத்தையே மது குறைக்கிறது.

மது கெடுக்கும் அந்தப் பிற்பாதியில்தான் தஹஜ்ஜுதுக்குச் சிறந்ததான இரவின் கடைசி மூன்றிலொரு பகுதியும் அடங்குகிறது. ஆய்வுக்கூடத்தின் சான்றால்தான் ஷரீஅத் நிலைபெறுகிறது என்று நாம் கூறவில்லை. விலக்கு இறங்கியபோது மதீனாவின் மக்கள் கருவிகளைக் கேட்கவில்லை. கொட்டிவிட்டனர். அவர்கள் எதைக் காத்துக்கொண்டனர் என்பதைத்தான் இன்றைய அறிவு நமக்கு விளக்குகிறது.

‘அல்கானூன்’ நூலுக்கு விரிவுரை எழுதியவரும், நுரையீரல் வழி இரத்த ஓட்டத்தை விளக்கியவருமான இப்னு நஃபீஸ் (ரஹ்) 1288இல் கெய்ரோவில் மரணப்படுக்கையில் இருந்தார். மருந்தாக மது அருந்துமாறு உடனிருந்த மருத்துவர்கள் வேண்டினர். உடலில் மதுவோடு இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று அவர் மறுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தம் இல்லத்தையும் நூல்களையும் மன்ஸூரீ மருத்துவமனைக்கு வக்ஃபு செய்துவிட்டே அவர் மறைந்தார். உறக்கம் மரணத்தின் சிறு வடிவமென்பது நம் முன்னோர் அறிந்த செய்தி. ஒவ்வோர் இரவும் உயிர் கைப்பற்றப்பட்டு, தவணை முடியாதோருக்குத் திருப்பி அனுப்பப்படுவதாக அஸ்ஸுமர் அத்தியாயத்தின் 42ஆம் வசனம் கூறுகிறது. அம்மருத்துவ மேதை இறுதி உறக்கத்திற்குக் காட்டிய பேணுதலை, நாம் ஒவ்வோர் இரவின் உறக்கத்திற்கும் காட்டுவது முறை. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.