மண் களமும் விரிப்புக் களமும்: பாட்னா பைரேட்ஸின் 2017

2017 ஜூலை 28 அன்று புரோ கபடி லீக்கின் ஐந்தாம் பருவம் ஹைதராபாத்தில் தொடங்கியபோது ஐந்தருவியில் சாரல் காலம். தென்காசி, குற்றாலம் பக்கத்துக் கபடி மண்ணையும் மழையையும் பார்த்து நடப்பது. கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் களம் செதுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வெறுங்காலோடு ஆடுவார்கள். தொலைக்காட்சியில் தெரிந்ததோ உள்ளரங்கு, விரிப்பு, ஷூ, ரெய்டுக்கு 30 நொடிக் கடிகாரம். இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று 1995இல் அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன் காலத்தில், நல்ல ஆட்டக்காரனுக்குக் கிடைத்த பெரிய பரிசு அரசுத் துறையிலோ பொதுத்துறையிலோ ஒரு வேலை. 2014இல் எட்டு அணிகளோடு லீக் வந்தபின் ஏலம் அந்த இடத்தைப் பிடித்தது. 2017இல் அணிகள் பன்னிரண்டு, ஆட்டங்கள் 138, பருவத்தின் நீளம் மூன்று மாதம். முந்தைய ஆண்டின் பருவமோ ஐந்து வாரத்தில் முடிந்திருந்தது.

இத்தனை மாற்றத்துக்கும் அசையாமல் நின்ற அணி பாட்னா பைரேட்ஸ். 2016 மார்ச்சில் மன்பிரீத் சிங் தலைமையில் இறுதி ஆட்டத்தில் யு மும்பாவை 31–28 என வென்றது. அதே ஆண்டு ஜூலையில் அடுத்த பருவத்தின் இறுதியில் ஜெய்ப்பூரை 37–29 என வென்றபோது கேப்டன் நம்மவர்: தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். வடநாட்டு ஆட்டக்காரர்களும் அவரை ‘அண்ணா’ என்றே அழைத்தார்கள். 2017இல் அவர் அந்த அணியில் இல்லை. கேப்டன் பொறுப்பு ஹரியானாவின் பர்தீப் நர்வாலிடம் போனது. தலைமை இரண்டு முறை மாறியும் பட்டம் கைமாறவில்லை என்பதைத்தான் இந்த அணியின் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

பர்தீப்பின் ‘டுப்கி’யைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தடுப்பவர்கள் கைகோத்துச் சங்கிலியாக நெருங்கும்போது அவர் இடுப்பை மடக்கி, தலையைத் தாழ்த்தி, அவர்கள் கைக்கு அடியில் புகுந்து நடுக்கோட்டைத் தொடுவார். குனிந்து நுழைவது மண் களத்திலும் உண்டு. ஆனால் ஷூவின் பிடிப்பும் விரிப்பின் சமதளமும் அந்தக் கடைசி உந்தலுக்குத் தரும் வேகமே தனி. அந்தப் பருவத்தில் ரெய்டில் மட்டும் அவர் எடுத்தது 369 புள்ளி. மும்பையில் ஹரியானா ஸ்டீலர்ஸை 69–30 என வீழ்த்திய ஆட்டத்தில் 34. அதில் ஒரே ரெய்டில் 8.

அக்டோபர் 28 அன்று இறுதி ஆட்டம் சென்னை நேரு உள்ளரங்கில் நடந்தது. குஜராத்தை 55–38 என வென்று பாட்னா தொடர்ந்து மூன்றாவது பட்டத்தை எடுத்தது. பட்டம் முடிவானது தமிழ்நாட்டில். ஆனால் அந்தப் பருவத்தில்தான் புதிதாக வந்த தமிழ் தலைவாஸ், காசிநாதன் பாஸ்கரன் பயிற்சியளித்தும் அஜய் தாக்குர் தலைமை ஏற்றும், தன் பிரிவில் கடைசி. தமிழ்நாட்டில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை, சேரலாதனே அதற்குச் சாட்சி. விரிப்பும் கடிகாரமும் கேட்கும் ஆட்டத்தை உடம்பில் ஏற்றிக்கொள்ளச் சிறுவயதுப் பழக்கம் வேண்டும். இருபது வயதுக்கு மேல் மண்ணிலிருந்து மாறுகிறவன் காலை ஊன்றுவதையே புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். அந்தச் சிறுவயதுப் பழக்கத்தை இங்கேயே தொடங்கலாம். கொடைக்களத்து மண் ஆட்டம் அப்படியே தொடரட்டும். அதோடு, சாரல் மாதங்களிலும் பயிற்சி நிற்காதபடி, கூரைக்கு அடியில் ஒரு விரிப்புக் களம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் வேண்டும். மாவட்ட நிர்வாகமும் ஊர்க் கபடிக் குழுக்களும் இதைச் சேர்ந்து செய்ய வேண்டும்.