வெறிச்சோடிய பார்கள்: மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பின் வரலாறு

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பின் வரலாற்றில் முத்துக் குளித்த ஆண்டுகளைவிடக் குளிக்காத ஆண்டுகளே அதிகம். தூத்துக்குடிக் கரையில் 1663 முதல் 1961 வரை, ஏறத்தாழ 300 ஆண்டுகளில், சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புப் பருவம் நடந்த ஆண்டுகள் நாற்பதைத் தொடவில்லை. எதிரே இலங்கைக் கரையிலும் நிலைமை இதுதான். 1732 முதல் 1746 வரை, 1768 முதல் 1796 வரை, 1820 முதல் 1828 வரை, 1837 முதல் 1854 வரை என்று நீண்ட வறட்சிகள் அங்கே பதிவாகியுள்ளன. இடையிடையே ஒரு சலாபம் வாய்த்தால் இரண்டு மாதத்தில் லட்சக்கணக்கில் வருவாய் குவியும். அடுத்த ஆண்டு சிப்பி விளையும் பாரில் மணலைத் தவிர எதுவும் இராது. போர்ச்சுகீசியர் போய் டச்சுக்காரர் வந்தார்கள், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் வந்தார்கள். பார் நிறைவதும் ஒழிவதும் எந்தக் கொடியையும் பார்த்து நடக்கவில்லை. முன்பிருந்தவர்கள் அளவுக்கு மீறி அள்ளிவிட்டார்கள், கள்ளக் குளிப்பு நடக்கிறது, நீரோட்டம் மாறிவிட்டது என்று ஒவ்வோர் அரசும் ஒரு காரணம் சொன்னது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு மெல்லுடலியின் உடலமைப்பிலும் வாழ்க்கை முறையிலும் முதன்மையான காரணம் இருந்தது என்பது தெளிவாக 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

பார் என்பது மணற்பரப்பின் நடுவே கடலடியில் கிடக்கும் தட்டையான பாறைத் திட்டு. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாலும் பத்து முதல் இருபது மீட்டர் ஆழத்தில் இவை உள்ளன. இலங்கைப் பக்கம் பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் ஆகியவையும், தூத்துக்குடிப் பக்கம் தொலாயிரம் பாரும் பெயர் பெற்றவை. ஒவ்வொரு பாருக்கும் குளியாட்கள் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். கரையில் தெரியும் அடையாளங்களை வைத்தே அவற்றின் இடத்தைக் கண்டார்கள்.

இத்தொழிலின் தொன்மைக்குச் சான்றுகள் பல. சங்கப் பாடல்கள் கொற்கை முத்தைப் புகழ்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகக் கையேடான ‘பெரிப்ளஸ்’ பாண்டிய நாட்டுக் கொற்கையைக் குறிப்பிட்டு, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. அந்தக் கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கும் சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட, வணிகம் காயலுக்கு நகர்ந்தது. பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாக எழுதினார். கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட அந்த மந்திரக்காரர்களை ஆங்கிலேய அரசும் நெடுங்காலம் விட்டுவைத்தது. அவர்கள் கரையில் இல்லாவிட்டால் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தார்கள் என்பதே அதற்குக் காரணம்.

1530களில், இக்கரையில் முத்துக் குளித்துவந்த பரதவர் கத்தோலிக்கம் தழுவி போர்ச்சுகீசியரின் பாதுகாப்பில் வந்தபோது முத்துத்துறையின் ஆதிக்கமும் கைமாறியது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியையும் மன்னாரையும் பிடித்தனர். மதுரை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதி, பரதவரின் சாதித் தலைவர் ஆகியோருக்கு வரியில்லாமல் இத்தனை தோணி, குளியாள் இறங்க இத்தனை கல் என்ற உரிமை நெடுநாள் நீடித்தது. 1796இல் ஆங்கிலேயர் இலங்கைக் கரையைக் கைப்பற்றிய வேளையில், 28 ஆண்டு வறட்சிக்குப் பின் பார்கள் நிறைந்திருந்தன. அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் பெருவருவாய் கிடைத்தது. இது நிலையான வருமானம் என்று நம்பிய ஆளுநர் பிரெடரிக் நார்த், சலாபத்தைப் பார்வையிட இலங்கைக் கரையின் அரிப்பில் கடலோரம் ஒரு மாளிகையே கட்டினார். அதன் இடிபாடு இன்னும் அங்கே இருக்கிறது.

சலாபத்தின் நடைமுறை நூற்றாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. முதலில் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டு, ஆயிரம் சிப்பிக்கு எத்தனை ரூபாய் முத்து தேறுகிறது என்று மதிப்பிட்டபின் அறிவிப்பு வெளியாகும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையே, கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே உகந்தது. குளியாள் கனமான கல்லில் காலை ஊன்றி இறங்குவார். ஒரு நிமிடத்துக்குள் கிடைத்ததை வலைப்பையில் வாரிக்கொண்டு, தோணியில் கயிறு பிடித்திருப்பவருக்குச் சைகை தருவார். கரையில் வேலியடைத்த கொட்டுகளில் சிப்பி எண்ணப்படும். இலங்கையில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. மாலையில் ஏலம். வாங்கியவர்கள் சிப்பியை ஒரு வாரத்துக்கு மேல் அழுகவிட்டு, கழுவி, சல்லடையில் சலித்து, ஆணி முதல் தூள் வரை தரம் பிரிப்பார்கள். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், பின்னாளில் அரபுக் குளியாட்கள், செட்டியார்கள், பம்பாய் வணிகர்கள் என்று ஆளில்லாக் கரையில் இரண்டு மாதத்துக்கு ஒரு நகரமே முளைக்கும். 1906ஆம் ஆண்டு சலாபத்தில் அரசு அலுவலராகப் பணிபுரிந்தவர்களில் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற லெனார்ட் வுல்ஃப். அழுகும் சிப்பியின் நாற்றம் அந்த நகரத்தின் நிலையான பண்பு.

சிப்பி ஏன் மறைகிறது என்ற கேள்வியை 19ஆம் நூற்றாண்டில் சிலர் முறையாக எழுப்பினர். 1857 முதல் 1859 வரை இலங்கை அரசுக்காக ஆராய்ந்த மருத்துவர் கெலார்ட், முத்துச்சிப்பி பிறந்த இடத்திலேயே ஒட்டிக் கிடந்து மடிவதல்ல என்று காட்டினார். பாறையைப் பற்ற அது சுரக்கும் நார்க்கற்றையை அறுத்துவிட்டு, தன் சிறு காலால் ஊர்ந்து வேறிடம் போய், புதிய நாரைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். 1889இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் ஆராய்ந்து எழுதினார். இலங்கையில் 1891ஆம் ஆண்டுச் சலாபம் ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய் ஈட்டித் தந்த பின், பார்கள் மறுபடி வெறுமையாயின. பத்தாண்டு பொறுத்த அரசு, லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. 1902 ஜனவரியில் அவர் தம் உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலுடன் வந்திறங்கினார். அவர்களது அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக ராயல் சொசைட்டி வெளியிட்டது.

ஹெர்ட்மன் 1902 மார்ச்சில் பெரிய பாரில் கண்டது எண்ணில் அடங்காத சிப்பிக் குஞ்சுகளை. அதே ஆண்டு நவம்பரில் ஹார்னெல் போய்ப் பார்த்தபோது பார் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. யாரும் குளிக்கவில்லை, யாரும் திருடவில்லை. நடுவே வந்துபோனது தென்மேற்குப் பருவக்காற்று மட்டுமே. திறந்த கடலை நோக்கிய அந்தப் பாரிலிருந்து குஞ்சுகள் ஆழத்துக்கு அடித்துச் செல்லப்பட்டிருந்தன. பெரிய பாரில் ஆண்டுதோறும் குஞ்சு விழும், ஆண்டுதோறும் அழியும். அங்கே முதிர்ந்த சிப்பியை எதிர்பார்ப்பது வீண் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். இந்த ஓர் அவதானிப்பு, அதற்கு முந்தைய நூறாண்டுக் குற்றச்சாட்டுகளில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டது.

சிப்பியின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால் எஞ்சியதும் விளங்கும். ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் கடல்நீரிலேயே விடுகின்றன. பருவக்காற்றையொட்டி நீரின் வெப்பம் சற்றே மாறுவது இதற்குத் தூண்டுகோல். நீரில் கருவுற்றுப் பிறக்கும் இளவுயிர் சுமார் மூன்று வாரம் மிதந்து திரிகிறது. அந்நாட்களில் அது நீரோட்டத்தின் கையில். மன்னார் வளைகுடாவின் மேல்நீரோட்டமோ பருவக்காற்றோடு திசை மாறுவது. மூன்றாம் வார முடிவில் அடியில் பாறையோ பவளத்துண்டோ இருந்தால் இளவுயிர் ஒட்டிப் பிழைக்கும். வெறும் மணலோ ஆழ்கடலோ இருந்தால் கோடிக்கணக்கில் அழியும். ஆகவே ஒரு பாரின் சிப்பிகள் அந்தப் பாரிலேயே பிறந்தவையாக இருக்க வேண்டியதில்லை. தூத்துக்குடிப் பார்கள் இலங்கைக் கரையிலிருந்து மிதந்து வரும் குஞ்சுகளை நம்பியிருக்கக்கூடும் என்ற கருத்து எழுந்ததும் இதனால்தான்.

ஒட்டிய பிறகும் அபாயங்கள் குறைவதில்லை. சிப்பி செவுள்கள் வழியே நீரை இழுத்து அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கிறது. மணல் கலங்கி மேலே படிந்தால் மூச்சும் உணவும் ஒருசேர நிற்கும். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி விழுந்தால் அடியில் இருப்பவை பட்டினியால் சாகும். திருக்கையும் கிளாத்தியும் ஓட்டோடு நொறுக்கித் தின்னும். நட்சத்திரமீன், ஓட்டைத் துளைக்கும் கடற்பஞ்சு, சிப்பியைத் தேடித் தின்னும் நத்தைகள் ஆகியவையும் எதிரிகள். சூரன் எனப்படும் சிறு மட்டி, நார்ப்பின்னலால் பாரையே போர்த்திச் சிப்பிகளை மூச்சடைக்க வைக்கும். இத்தனையையும் கடந்து நான்காம், ஐந்தாம் ஆண்டை எட்டிய சிப்பியில்தான் விலைபோகும் முத்து இருக்கும். அதன் ஆயுளோ ஐந்தாறு ஆண்டுதான். முன்னால் அள்ளினால் முத்து தேறாது, ஓராண்டு தள்ளிப்போட்டால் சிப்பியே இராது.

வளர்ந்த சிப்பி எளிதில் மடிவதல்ல. நீரில் உப்பு குறைந்தாலோ கூடினாலோ ஓட்டை இறுக மூடிக்கொண்டு, இதயத் துடிப்பைத் தாழ்த்தி, ஆக்சிஜன் இல்லாத வளர்சிதை மாற்றத்தில் நாட்களைக் கடத்தும். கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 அளவில் இருக்கும். தூத்துக்குடியில் நடந்த சோதனைகளில், 24 முதல் 50 வரையான உப்பளவை இச்சிப்பி இரண்டு மூன்று நாள் தாங்கியது. மிகக் குறைந்த உப்பில் மடிந்தது. சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி வாய்க்குள் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் மழைநீர் கலந்தால் சிப்பி முதலில் செய்வது வாயை மூடுவதுதான். முத்துக்குக் காரணம் நாடாப்புழுவின் இளவுயிர் என்று ஹெர்ட்மன் கருதினார். அக்கருத்து பின்னர் நிலைக்கவில்லை. ஓட்டைச் சுரக்கும் மேலுறையின் உயிரணுக்கள் இடம் மாறி உள்ளே சென்று ஒரு பையாக அமைந்தால் அங்கே முத்து விளைகிறது என்பதே இன்றைய விளக்கம்.

ஹெர்ட்மனும் ஹார்னெலும் ஆராய்ந்துகொண்டிருந்த வேளையிலேயே பேராசையும் தன் வேலையைச் செய்தது. இலங்கையில் 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுக்கப்பட்டு, அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. மறு ஆண்டே பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் 20 ஆண்டுக்கு இலங்கை முத்துக்குளிப்போர் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டனர். 1907க்குப் பின் எடுக்கச் சிப்பி இல்லை. 1912இல் கம்பெனி கலைந்தது. கம்பெனி அள்ளியதுதான் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் புதுக் குஞ்சுகள் பார்களில் தங்காததே முதற்காரணம். இயற்கையின் ஒழுங்கற்ற வரவைக் குத்தகைக் கணக்கில் எழுதியது அரசும் கம்பெனியும் சேர்ந்து செய்த தவறு. சென்னை மாகாணப் பணிக்கு மாறிய ஹார்னெல், இந்த ஒழுங்கற்ற சுழற்சியை விளக்கவே 1916இல் ஒரு தனி ஆய்வை வெளியிட்டார்.

அதே கடலில், பெரும்பாலும் அதே ஆட்கள் செய்த சங்குகுளிப்பு மட்டும் இப்படி அறுபடவில்லை. ஏறத்தாழ ஆண்டுதோறும் நடந்து, வங்காளத்து வளையல் தொழிலுக்குச் சங்கை அனுப்பிக்கொண்டே இருந்தது. காரணம் சங்கின் இனப்பெருக்கத்தில் இருக்கிறது. சங்கு மிதக்கும் இளவுயிரை விடுவதில்லை. ஆட்டுக்கொம்பு போல் முறுக்கிய முட்டைக்கூட்டை மணலில் ஊன்றி வைக்கிறது. குஞ்சுகள் அதற்குள்ளேயே வளர்ந்து, ஓடு முற்றிய சிறு சங்குகளாக ஊர்ந்து வெளிவருகின்றன. நீரோட்டம் அவற்றைக் கொண்டுபோக வழியில்லை. மணல் நகர்வதும் தீங்கல்ல. மணலில் புழுக்களைத் தேடித் தின்று வாழும் உயிர் அது. குறித்த விட்டத்துக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே திரும்பப் போடும் விதி இங்கே பலன் தந்ததும் இதனால்தான். முத்துச்சிப்பிக்கு அப்படியொரு விதி இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது.

இலங்கைக் கரையில் 1925ஆம் ஆண்டுக்குப் பின் பழைய அளவில் சலாபம் நடக்கவில்லை. தூத்துக்குடியில் 1926 முதல் 1928 வரை நடந்து, நீண்ட இடைவெளிக்குப் பின் 1955இல் மீண்டும் தொடங்கியது. தொடர்ந்து ஏழு ஆண்டு சலாபம் நடந்தது இக்கரைக்கு அபூர்வம். அதற்குள் ஜப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தையைப் பிடித்திருந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி, தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1981இல் அந்நிறுவனம் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சையே உற்பத்தி செய்தது. அப்படி வளர்த்த குஞ்சுகளைப் பாரில் விட்டுப் பார்க்கும் முயற்சிகளும் நடந்தன.

இன்று கடல் சூடேறுவதும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து நீரின் காரத்தன்மை குறைவதும் சுண்ணாம்பால் ஓடு கட்டும் எல்லா மெல்லுடலிகளுக்கும் சுமை. ஓடு முற்றிய சிப்பியைவிட, முதல் ஓட்டைக் கட்டத் தொடங்கும் இளவுயிருக்கே அது அதிகம். முத்துச்சிப்பியின் வாழ்வில் எப்போதும் மெலிந்த கண்ணியாக இருந்ததும் அந்த மூன்று வாரப் பருவமே. தூத்துக்குடிப் பார்களில் கடைசிச் சலாபம் நடந்தது 1961இல்.