உயிரித் தொழில்நுட்பமும் ஆள் பயிற்சியும்: இந்திய அரசின் முயற்சிகள்

சிங்கப்பூரில் இருந்தாலும், இரங்கூனின் அலோன் பகுதியில் இருந்தாலும், ஊரிலிருந்து வரும் தொலைபேசியில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: "பிள்ளை பயோடெக் படிக்கலாமா?" கணினிக்கு அடுத்து இதுதான் என்று 2000-களின் தொடக்கத்தில் பேசாதவர் இல்லை. அதை நம்பிப் படித்தவர்களில் பலர் பின்னர் மென்பொருள் நிறுவனங்களிலும் வங்கிகளிலும் வேலைக்குச் சேர்ந்தனர். இத்துறைக்கு ஆள் தயாரிக்க இந்திய அரசு என்னதான் செய்தது, இடைவெளி எங்கே விழுந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

தொடக்கம்

1982-ஆம் ஆண்டு அமெரிக்காவில், மரபணு மாற்றப்பட்ட பாக்டீரியாவில் தயாரான மனித இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. உயிரணுவைத் தொழிற்சாலையாக்கலாம் என்பது அதனோடு உறுதியாயிற்று. அதே 1982-இல் இந்திய அரசு தேசிய உயிரித் தொழில்நுட்ப வாரியத்தை அமைத்தது. 1986-இல் அது தனித் துறையாயிற்று. அதன் முதல் செயலர் டாக்டர் எஸ். இராமச்சந்திரன்.

பணம் ஒதுக்கினால் கருவி வாங்கிவிடலாம். அதை இயக்கும் ஆளை வாங்க முடியாது. இதை அந்த வாரியமும் துறையும் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தன. எண்பதுகளின் நடுவிலேயே தேர்ந்தெடுத்த சில பல்கலைக்கழகங்களில் முதுகலைப் படிப்பு தொடங்கப்பட்டது. தமிழகத்தில் அந்த வாய்ப்பு முதலில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. இடங்கள் குறைவு. தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் நடத்திய அகில இந்திய நுழைவுத் தேர்வில் தேறியவர்களே சேர முடியும். சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. ஆய்வகச் செலவுக்கும் துறையே பணம் தந்தது. 2020 முதல் இந்தச் சேர்க்கை "காட்-பி" என்னும் தேர்வின் வழியே நடைபெறுகிறது.

இதனுடன் வேறு பணிகளும் நடந்தன. 1986-87-இல் உயிர்த் தகவலியல் மையங்களின் வலைப்பின்னல் தொடங்கியது. மதுரையும் அதில் இடம்பெற்றது. மதுரையிலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் தாவர மூலக்கூறு உயிரியல் மையங்கள் எழுந்தன. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்ப மையம் 1987-இல் அமைந்தது.

பட்டம் வேறு, தொழில் வேறு

இந்த முதல் திட்டம் சிறியது, ஆனால் தரமானது. அதில் தேறியவர்களில் பெரும்பாலோர் ஆராய்ச்சிக்குச் சென்றார்கள். பலர் வெளிநாடு போனார்கள். குறை அங்கேதான் ஆரம்பித்தது. படிப்பு ஆராய்ச்சியாளரை உருவாக்கும்படி அமைந்திருந்தது. தொழிற்சாலை கேட்டதோ வேறு வகை ஆள்.

ஒரு தடுப்பூசி ஆலையை எடுத்துக்கொள்வோம். ஆய்வகக் குடுவையில் நன்றாக வளரும் ஈஸ்ட், ஆயிரம் லிட்டர் நொதிகலனில் அப்படியே வளர்ந்துவிடாது. ஆக்சிஜன் எல்லா மூலைக்கும் சேர வேண்டும். உண்டாகும் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு அந்நியக் கிருமி நுழைந்தாலும் மொத்தமும் வீண். பின்னர் தேவையான புரதத்தை மட்டும் பிரித்துத் தூய்மையாக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு இங்கேயே போவதுண்டு. ஒவ்வொரு படியையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதாத வேலையை ஆய்வாளர் ஏற்கமாட்டார். இவற்றைப் பாடப்புத்தகத்தில் கற்க முடியாது. ஆலையில் நின்றுதான் கற்க வேண்டும்.

2000-களில் தனியார் பொறியியல் கல்லூரிகள் பல பி.டெக். உயிரித் தொழில்நுட்பத்தைத் தொடங்கின. முதல் திட்டத்தின் பெயர் இவற்றுக்கு வந்தது. அதன் ஆய்வக நிதியும் கடுமையான தேர்வும் வரவில்லை. ஆலைகளின் எண்ணிக்கையும் பட்டதாரிகளின் எண்ணிக்கைக்கு ஈடாக வளரவில்லை. போதாக்குறைக்கு, அந்த ஆலைகள் வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் படித்தவர்களையும் வேலைக்கு எடுத்தன.

திருத்தங்கள்

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 1990-இல் உருவான இந்திய உயிரித் தொழில்நுட்பக் கூட்டமைப்பு நிறுவனத்தின் வழியே, புதிய பட்டதாரிகளை உதவித்தொகையுடன் ஆறு மாதம் நிறுவனங்களில் அமர்த்தும் தொழிற்பயிற்சித் திட்டம் நடந்தது. இளங்கலை அறிவியல் கல்லூரிகளின் ஆய்வகங்களை மேம்படுத்த 2008-இல் "ஸ்டார் கல்லூரி" திட்டம் வந்தது. வெளிநாட்டில் பணிபுரியும் இந்திய விஞ்ஞானிகள் திரும்பி வர இராமலிங்கசுவாமி மறுநுழைவு ஆய்வுநிதி வழங்கப்பட்டது. சிறு நிறுவனங்களுக்குக் கைகொடுக்க 2012-இல் "பைராக்" அமைப்பு உருவானது. ஆலைகள் பெருகினால்தானே வேலை பெருகும்?

தமிழக அரசின் பங்காகச் சென்னை தரமணியில் டைசல் உயிரித் தொழில்நுட்பப் பூங்கா 2004-இல் திறக்கப்பட்டது. சிறுசேரியில் பெண் தொழில்முனைவோருக்கென்றே ஒரு பூங்கா அமைந்தது. அதற்கு மத்திய, மாநில அரசுகள் இரண்டும் உதவின. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஏற்ற "பயோ-ஈ3" கொள்கையின் பெயரிலேயே பொருளாதாரம், சுற்றுச்சூழலுடன் வேலைவாய்ப்பும் இடம்பெற்றுள்ளது.

பிற நாடுகள்

அயர்லாந்து இதே சிக்கலை வேறு வகையில் அணுகியது. டப்ளினில் 2011-இல் திறந்த அரசு நிதியிலான பயிற்சி நிலையம் மருந்து ஆலையைப் போலவே கட்டப்பட்டது. மாணவர் உண்மையான கருவிகளில் பழகுகிறார். சிங்கப்பூர் 2003-இல் பயோபொலிஸ் வளாகத்தைத் திறந்தது. தன் மாணவர்களை அரசுச் செலவில் உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பியது. இரு நாடுகளிலும் பயிற்சியும் தொழிற்சாலையும் ஒன்றையொன்று பார்த்தே வளர்ந்தன.

பயன் இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1997-இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் மரபணு மாற்ற முறையில் ஹெப்படைடிஸ்-பி தடுப்பூசியை இந்தியாவிலேயே தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. தமிழகத்தில் பிறந்து அமெரிக்காவிலிருந்து திரும்பிய கிருஷ்ணா எல்லா 1996-இல் நிறுவிய பாரத் பயோடெக்கின் கோவேக்சின், 2021 ஜனவரியில் அவசர அனுமதி பெற்றது. கொரோனா வந்த பிறகு ஆள் தேடியிருந்தால் இது நடந்திராது. ஆலையில் பழகிய ஒருவரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆகவே ஊரிலிருந்து கேள்வி வந்தால், படிக்கலாமா கூடாதா என்று ஒரே சொல்லில் பதில் கூற வேண்டியதில்லை. இப்படிக் கேட்கச் சொல்லலாம்: அந்தக் கல்லூரியில் நொதிகலன் இருக்கிறதா? மாணவர் அதைத் தொட்டு இயக்க விடுவார்களா? ஆலைப் பயிற்சிக்கு எத்தனை மாதம் அனுப்புகிறார்கள்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? முதுகலைக்கு "காட்-பி" எழுதும் எண்ணம் உண்டா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் பிள்ளை தாராளமாகச் சேரலாம். கிடைக்காவிட்டால், வேதியியலோ நுண்ணுயிரியலோ நன்றாகப் படித்துவிட்டு இத்துறைக்குள் வரும் வழியும் திறந்தே இருக்கிறது.