‘ஆஃப்டர்நூன் டீ’: 8,000 ரூபாய்க்கு அப்படி என்னதான் இருக்கு அந்த மூணடுக்குத் தட்டில்?

லண்டன் போனவர்களின் இன்ஸ்டா பக்கத்தில் பிக் பென், சிவப்பு டபுள் டெக்கர் பஸ் இரண்டையும் தாண்டினால் மூன்றாவதாக ஒரு போட்டோ கட்டாயம் இருக்கும். வெள்ளை மேஜை விரிப்பு, பூப்போட்ட பீங்கான் கப், நடுவில் குட்டித் தேர் மாதிரி மூணடுக்கு ஸ்டாண்ட். அதில் விரல் நீளத்துக்கு சாண்ட்விச், பன் மாதிரி ஏதோ ஒன்று, உச்சியில் கலர் கலராகக் கேக். இதுதான் ‘ஆஃப்டர்நூன் டீ’. லண்டனின் பெரிய ஹோட்டல்களில் இதற்கு ஒருவருக்கு 80 பவுண்டு வாங்குவது சாதாரணம். ஒரு பவுண்டு 100 ரூபாயைத் தாண்டி ரொம்ப நாளாச்சு. ஆக, 8,000 ரூபாய்க்கும் மேல்!

அங்கே படிக்கப் போயிருக்கும் நம்ம பசங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் உறைக்கும். ஸ்டூடன்ட் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர்கள், வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2025 ஏப்ரல் நிலவரப்படி, 21 வயது நிறைந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. 20 மணி நேரமும் முழுசாக உழைத்தால் 244 பவுண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே ஒரு சாயங்காலத்துக்கு. ‘லண்டன் வந்துட்டு இதைச் சாப்பிடாம போறதா?’ என்று ஃப்ரெண்ட்ஸ் இழுக்கும்போது தலையாட்டுவதற்கு முன்னால், இது என்ன சமாசாரம், காசு எதற்குப் போகுதுன்னு தெரிஞ்சுக்கலாம், வாங்க.

பசி தாங்காத சீமாட்டி

எல்லா ஹோட்டல் மெனு கார்டிலும் அச்சடித்திருக்கும் கதை இது. 1840 வாக்கில் பெட்ஃபோர்டு கோமகள் அன்னா, விக்டோரியா ராணியின் தோழிகளில் ஒருவர். அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் மதியச் சாப்பாடு பேருக்குத்தான். ராத்திரி விருந்தோ தள்ளிப்போய் எட்டு மணி ஆகிவிட்டது. இடையில் நாலு மணிக்கு வயிறு கிள்ளும் இல்லையா? டீயும் ரொட்டி வெண்ணெயும் தன் அறைக்கே கொண்டுவரச் சொன்னார் அன்னா. அப்புறம் தோழிகளையும் கூப்பிட ஆரம்பித்தார். அதுவே ஃபேஷன் ஆகிவிட்டது.

இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. ஃபேன்னி கெம்பிள் என்ற பிரபல நாடக நடிகை, 1842-ல் பீவர் கோட்டைக்கு விருந்தாளியாகப் போனபோதுதான் இந்தப் பழக்கத்தை முதன்முதலில் பார்த்ததாகப் பின்னாளில் எழுதினார். (ஆங்கிலத்தில் ‘பெல்வாயர்’ என்று எழுதிவிட்டு ‘பீவர்’ என்று படிக்கிறார்கள். ஏன் என்று பிரிட்டிஷ்காரர்களைத்தான் கேட்கணும்.) கோமகளின் அறைக்கு ஒருசில பெண்களுக்கு மட்டும் ரகசிய அழைப்பு வருமாம். ஆக, இன்றைக்குக் கோட், டை போட்டுக்கொண்டு சாப்பிடும் இந்த ராஜ உபசாரம், ரூமுக்குள் யாருக்கும் தெரியாமல் நொறுக்குத் தீனி தின்ற கதையாகத்தான் தொடங்கியிருக்கிறது. ‘அன்னாதான் கண்டுபிடித்தார்’ என்பதை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. அவருக்கு முன்பும் பிற்பகலில் டீ குடித்தவர்கள் இருந்தார்கள். அதை ஒரு ஸ்டைல் ஆக்கியது அவர் வட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டைல் ஊர் முழுக்கப் பரவ டீ விலை இறங்கியிருக்கணும். அதற்கான வேலை 1784-லேயே நடந்துவிட்டது. அதுவரை தேயிலை மீது 119 சதவிகிதம் வரி. கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. பிரதமர் வில்லியம் பிட் அதை ஒரே வெட்டாக 12.5 சதவிகிதத்துக்குக் குறைத்ததும், கடத்தலும் படுத்தது, டீயும் சாதாரண வீடுகளுக்குள் வந்தது. 1843-ல் ஆல்ஃபிரட் பேர்டு என்பவர் பேக்கிங் பவுடரைத் தயாரித்தார். அது பரவப் பரவ, வீட்டிலேயே புஸுபுஸுன்னு கேக் சுடுவதும் சுலபமாச்சு.

ஹை டீ வேற, ஆஃப்டர்நூன் டீ வேற

சென்னையின் நட்சத்திர ஹோட்டல்களில் ‘ஹை டீ’ என்று போர்டு பார்த்திருப்பீர்கள். ‘ஹை’ என்றால் ஹை கிளாஸ் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பிரிட்டனில் கதை தலைகீழ். ஹை டீ என்பது ஆலை, சுரங்கம் என்று வேலை முடித்து ஐந்து, ஆறு மணிக்கு வீடு திரும்பும் தொழிலாளர்கள் சாப்பிட்ட சாயங்காலச் சாப்பாடு. இறைச்சி, முட்டை, ரொட்டி, கூடவே சுடச்சுட டீ. வயிறு நிறைய வேண்டும், அவ்வளவுதான். ஆஃப்டர்நூன் டீயோ, ராத்திரி விருந்து எப்படியும் உண்டு என்று தெரிந்தவர்கள் நடுவில் கொறித்தது.

இந்த வித்தியாசம் இன்னும் முழுசாகப் போகவில்லை. வட இங்கிலாந்தில் பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்கே ‘டீ’ என்றுதான் பெயர். யார்க்‌ஷயர் நண்பர் ‘டீக்கு வாங்க’ என்று கூப்பிட்டால், சாப்பிட்டுவிட்டுப் போய் மாட்டிக்காதீங்க.

தட்டில் ஹீரோ யார்?

கீழடுக்கில் இருந்து மேலே போவதுதான் வழக்கம். கீழே ஓரம் வெட்டிய சாண்ட்விச்: வெள்ளரிக்காய், முட்டை, புகைபோட்ட சால்மன் மீன், சில இடங்களில் ‘காரனேஷன் சிக்கன்’. பெயருக்கேற்ப, 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விருந்துக்காக உருவான ஐட்டம் அது. நம்ம ஊர் கறிப்பொடி வாசனை லேசாக அடிக்கும். மற்றபடி அந்த வெள்ளரிக்காய் சாண்ட்விச் இருக்கே... வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் காகிதம் கனத்துக்கு நாலு வில்லை. ஆஸ்கர் வைல்டின் 1895 நாடகம் ஒன்றில், அத்தைக்காகச் செய்து வைத்ததை எல்லாம் கதாநாயகனின் நண்பன் ஒருவனே காலி செய்துவிடுவான். எப்படி முடிந்தது என்பதுதான் நமக்குப் புரியாத மர்மம். உப்பு, மிளகாய் பழகிய நாக்குக்கு இந்த அடுக்கு பெரும்பாலும் ஏமாற்றம்தான். மேலடுக்குக் கேக்குகள் கண்ணுக்கு அழகு. ரெண்டு சாப்பிட்டதும் திகட்டும்.

நடு அடுக்கில் இருப்பதுதான் நிஜ ஹீரோ. பெயர் ‘ஸ்கான்’. ‘ஸ்கோன்’ என்றும் சொல்வார்கள், எது சரி என்று அங்கேயே இன்னும் சண்டை ஓயவில்லை. பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில், வெளியே லேசாக மொறுமொறுப்பு, உள்ளே பூப்போல உதிரும். கத்தியால் குத்தாமல் கையாலேயே இரண்டாகப் பிட்டு, ஒவ்வொரு பாதியிலும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் ‘க்ளாட்டட் க்ரீமும்’ வைத்துச் சாப்பிடணும். பர்கர் மாதிரி இரண்டையும் சேர்த்து மூடிக் கடித்தால், பக்கத்து டேபிள் பாட்டி ஒரு மாதிரி பார்ப்பார். க்ளாட்டட் க்ரீம் என்பது பாலை மெதுவாகச் சூடாக்கி ஆறவிட்டு எடுப்பது. நம் வீட்டுப் பாலாடையின் பணக்காரச் சொந்தக்காரன் என்று சொல்லலாம். கார்ன்வால் க்ரீமுக்கு 1998 முதல் நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பாணியில் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பெயரில் விற்க 55 சதவிகிதமாவது கொழுப்பு இருக்க வேண்டும். டயட்டில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

டெவன்காரர்கள் முதலில் க்ரீம், மேலே ஜாம் என்பார்கள். பக்கத்து மாவட்டமான கார்ன்வாலில் முதலில் ஜாம், மேலே க்ரீம். இதில் யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. டெவனில் உட்கார்ந்து கார்ன்வால் முறையில் சாப்பிட்டுப் பாருங்க, தெரியும்.

டீ எங்கே, காசு எங்கே?

பெயரே ‘டீ’. ஆனால் 80 பவுண்டு பில்லில் டீத்தூள் செலவு சில்லறைதான். ஒரு கப்புக்கு வேண்டியது இரண்டு, மூன்று கிராம். எவ்வளவு உசத்தியான இலையாக இருந்தாலும் பில்லில் அது பெரிய பங்காக இருக்காது. நாம் கொடுக்கும் காசு இடத்துக்கு, பீங்கானுக்கு, பியானோ வாசிப்பவருக்கு, கேக் செதுக்கும் கைகளுக்கு, கொஞ்சம் அந்தப் பெயருக்கும். போதாததுக்கு லண்டனில் பல இடங்களில் 12.5 சதவிகிதம் சேவைக் கட்டணமும் பில்லில் ஏறும். விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்று பொடி எழுத்தில் இருக்கும். வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது.

சரி, இடத்துக்குக் காசு கொடுக்கிறோம், ஆற அமர உட்காரலாமா? 1906-ல் திறந்த ரிட்ஸ் ஹோட்டலின் ‘பாம் கோர்ட்’டில் காலை 11.30-க்கு முதல் பந்தி, ராத்திரி 7.30-க்குக் கடைசிப் பந்தி. ஆமாம், பந்தியேதான். உங்கள் நேரம் முடிந்தால் அடுத்த ஆள் காத்திருப்பார். காலை டிபனுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் இருந்த பசிக்கான தீனியை, காலையிலும் ராத்திரியிலும் விற்கிறார்கள் என்றால் அதில் ‘ஆஃப்டர்நூன்’ எங்கே மிச்சம்? ஆண்கள் கோட், டை இல்லாமல் உள்ளே போக முடியாது என்பது தனி. அதை வாங்க ஒரு செலவு.

அந்த மெனுவில் ‘சிலோன்’ என்ற பெயரைப் பார்க்கும்போது இன்னொரு கணக்கும் ஞாபகம் வரும். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிப் பக்கம் 19 ஏக்கரில் தேயிலை போட்டதுதான் அங்கே அந்தத் தொழிலின் தொடக்கம். அங்கே இலை பறித்து வளர்த்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் ஜனங்கள், இன்றைய மலையகத் தமிழர்கள். 2024 செப்டம்பரில் இலங்கை அரசு நிர்ணயித்த தோட்டத் தொழிலாளர் அடிப்படை நாள் கூலி 1,350 இலங்கை ரூபாய். அன்றைய மதிப்பில் மூன்றரை பவுண்டுகூடத் தேறாது. மூணடுக்குத் தட்டு ஒன்றின் விலை, கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவின் மூன்று வாரத்துக்கும் மேலான உழைப்பு. பிரிட்டிஷ்காரர்கள் வீட்டில் தினமும் குடிக்கும் டீ பேக்கில் இப்போது கென்யா தேயிலைதான் அதிகம். சிலோன், டார்ஜிலிங் எல்லாம் இப்படி மெனுவில் பெருமையாகப் பெயர் போட்டு ஊற்றுவதற்கு.

உட்கார ஓர் இடம்

அதற்காக இதை வெறும் பந்தா என்று ஒதுக்கவும் முடியாது. 19-ம் நூற்றாண்டு லண்டனில் நல்ல குடும்பத்துப் பெண் துணையில்லாமல் வெளியே போய்ச் சாப்பிட இடமே கிடையாது என்று சொல்லலாம். ஆண்களுக்கு கிளப், மதுக்கடை எல்லாம் இருந்தது. 1864-ல் ஒரு ரொட்டி கம்பெனி டீக்கடை தொடங்கியது. 1894-ல் பிக்காடிலியில் லயன்ஸ் டீக்கடை வந்தது. சுத்தமான இடம், கட்டுப்படியாகும் விலை. தனியாக வந்த பெண்ணையும் யாரும் முறைக்கவில்லை. ஷாப்பிங் வந்தவர்கள், ஆபீஸ் வேலைக்குப் போன முதல் தலைமுறைப் பெண்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்தார்கள். ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்கள் கூடிப் பேசவும் இப்படிப்பட்ட டீக்கடைகள் உதவின. கோமகளின் அறையை விட, இந்தக் கடைகள்தான் சாயங்கால டீயை எல்லாருக்குமானதாக ஆக்கியவை என்பேன்.

அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது, ஆனால் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இல்லை. ‘க்ரீம் டீ’ என்று கேளுங்கள். ஒரு பாட் டீ, ஸ்கான், ஜாம், க்ளாட்டட் க்ரீம். அவ்வளவுதான், அடுக்கும் கிடையாது, பியானோவும் கிடையாது. டெவன், கார்ன்வால் கிராமத்துக் கடைகளில் சுமார் 10 பவுண்டுக்குள் முடிந்துவிடும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கஃபேக்கள் நாடு முழுக்க இருக்கின்றன. அவர்களுடைய ஸ்கானுக்கென்றே ரசிகர் கூட்டம் உண்டு. தட்டில் நன்றாக இருக்கும் ஒரே பொருள் ஸ்கான் என்றால், அதை மட்டும் வாங்கிச் சாப்பிடுவதுதானே புத்திசாலித்தனம்? மழை பெய்யும் ஜன்னல் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள்.

இல்லை, அந்த மூணடுக்கு அனுபவம் ஒரு தடவையாவது வேணும், அம்மா அப்பா பட்டமளிப்பு விழாவுக்கு வர்றாங்க, அவங்களோட போகணும் என்கிறீர்களா? தாராளமாகப் போங்க. லண்டனில்தான் போகணும் என்றில்லை. யார்க்‌ஷயரின் ஹாரோகேட்டில் 1919-ல் ஒரு ஸ்விட்சர்லாந்துக்காரர் தொடங்கிய ‘பெட்டிஸ்’ கடைக்கு இன்றும் வாசலில் வரிசை நிற்கிறது. எங்கே போனாலும் புக் செய்யும்போதே சைவம் என்று சொல்லிவிடுங்கள். தனி மெனு இருக்கும். சில குட்டிக் கேக், ஜெல்லி வகைகளில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்ப்பார்கள், முட்டை பெரும்பாலும் இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை அன்றைக்கு மறந்துவிடுங்கள். சாண்ட்விச்சும் ஸ்கானும் கேட்டால் இன்னொரு தடவை வைக்கும் இடங்கள் நிறைய உண்டு, கூச்சப்படாதீங்க. கேக் மிஞ்சினால் பெட்டியில் போட்டும் கொடுப்பார்கள். ரூமுக்குக் கொண்டுவந்து ராத்திரி சாப்பிடலாம், அன்னா மாதிரி.