மாணாக்கர் விதித்த அபராதம்

சட்டத்தில் மேற்படிப்புப் படிக்கிறவன் முடிவில் எதைத்தான் கற்றிருக்க வேண்டும்? இன்று சர்வகலாசாலைகள் இதற்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதி வைக்கின்றன. சுமார் எழுநூறு வருஷங்களுக்கு முன்பு இத்தாலியிலுள்ள பொலோனா நகரத்தில் இந்தக் கேள்வியைத் தீர்த்த விதம் வேடிக்கையானது.

அங்கே படிக்க வந்தவர்கள் சிறு பிள்ளைகள் அல்லர். ஐரோப்பாவின் பல தேசங்களிலிருந்தும் வந்த வளர்ந்த வாலிபர்கள். அந்நியர்களாகையால், நகரத்துப் பிரஜைகளுக்கு இருந்த உரிமைகள் அவர்களுக்கு இல்லை. ஆகவே தங்களுக்குள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்துக்குத்தான் லத்தீன் மொழியில் 'யூனிவெர்சிடாஸ்' என்று பெயர். ஆசிரியருக்குப் பணம் கொடுத்தவர்களும் அவர்களே. சட்டதிட்டம் வகுத்தவர்களும் அவர்களே.

பாடமோ கடல். ஜஸ்டினியன் சக்கரவர்த்தி கி.பி. 533-ல் வெளியிட்ட 'டைஜஸ்ட்' என்ற தொகுப்பு மட்டும் 50 புத்தகங்கள் கொண்டது. இதை நடத்துகிற ஆசிரியர் எளிய இடங்களில் நீட்டி முழக்கிவிட்டு, கடினமான இடத்தை நைஸாகத் தாண்டிவிட்டால்? மாணாக்கர்கள் ஏமாறவில்லை. நூலைத் துண்டு துண்டாக வகுத்து, இந்தத் துண்டை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். ஆசிரியர் முன்பணம் கட்ட வேண்டும். கெடு தவறினால் அதிலிருந்து அபராதம். ஓர் அத்தியாயத்தை விட்டுவிட்டாலும் அபராதம். மணி அடித்த பிறகு பாடத்தை நீட்டினாலும் அபராதம்!

ஆசிரியர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். 1265-ல் காலமான ஓடோஃபிரெடஸ் என்பவர் தாம் நடத்தப்போகும் முறையை முன்கூட்டியே அறிவித்திருக்கிறார். முதலில் பகுதியின் சுருக்கம், பிறகு ஒவ்வொரு விதியின் பொருள், பிறகு மூலத்தைப் பிழையறப் படித்தல், மறுபடி பொழிப்பு, கடைசியில், ஒன்றோடொன்று முரண்படும் விதிகளை எடுத்துக்கொண்டு சிக்கலை அவிழ்த்தல். நம் உரையாசிரியர்களின் வழியை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அதே மனிதர் ஒரு வருஷ முடிவில், அடுத்த வருஷம் மாலை வகுப்பு நடத்தப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். காரணம், எல்லாருக்கும் அறிவு வேண்டுமாம். பணம் கொடுக்க மட்டும் மனமில்லையாம்!

பட்டம் பெறுகிற நாளில் மாணாக்கனின் முறை வரும். காலையில் இரண்டு பகுதிகளைக் குறித்துக் கொடுப்பார்கள். அன்றே பிற்பகலில் அவன் பண்டிதர்கள் முன்னிலையில் அவற்றுக்கு விளக்கம் சொல்லி, அவர்களுடைய ஆட்சேபங்களுக்கும் பதில் கூற வேண்டும். தேறினால் பெரிய தேவாலயத்தில் பகிரங்க விவாதம். அங்கே எதிர்வாதம் செய்கிறவர்கள் சக மாணாக்கர்கள். பிறகுதான் புத்தகமும் மோதிரமும் குல்லாயும்.

1999 ஜூன் 19-ந் தேதி அதே பொலோனாவில் 29 தேசங்களின் சார்பில் மந்திரிகள் கூடி, ஐரோப்பிய உயர்கல்வியை ஒழுங்குபடுத்த உடன்பாடு செய்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2005-ல் பெர்கன் நகரில் ஏற்ற திட்டத்தில் முதுகலைப் பட்டத்துக்கான இலக்கும் உண்டு: முழு விவரம் கைக்கு எட்டாதபோதும் சிக்கலான விஷயத்தை ஆராய்ந்து முடிவு சொல்லும் திறமை.

ஓடோஃபிரெடஸ் கடைசியாகச் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். இலக்கு மாறவில்லை. ஆனால் அன்று இலக்குத் தவறினால் ஆசிரியரின் மடியிலிருந்து காசு போயிற்று. இன்று தவறினால் யார் கொடுக்கிறார்கள்? நியாயம் தேடி வக்கீலின் வாசற்படி ஏறுகிற கட்சிக்காரன்தான்.