விரற்கடியும் அதன் குறியீடும்

கல்முனைக் கரையோரத்து வைத்தியசாலை ஒன்றுக்கு மூவர் விரலிலே கடியுண்டு வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைத் தெருநாய் கடித்தது. ஒருவரை வயல் வரம்பிலே பாம்பு தீண்டியது. மூன்றாமவரைச் சச்சரவிலே மற்றொரு மனிதர் கடித்தார். முதலாமவருக்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் இரண்டாமவருக்கு விஷமுறிப்பு மருந்தும் தேவைப்படலாம். மூன்றாமவரின் காயம் மூட்டுவரை சென்று சீழ்பிடிக்கக் கூடும். ஏட்டிலே 'விரற்காயம்' என்று மட்டும் எழுதினால் இம்மூன்றும் ஒன்றாகிவிடும்.

இச்சங்கடம் புதிதன்று. இலண்டன் மாநகரின் 1632ஆம் ஆண்டு மரணப் பட்டியலிலே விசர்நாய் கடித்து மாண்டவர் ஒருவர் எனவும், அச்சத்தால் மாண்டவர் ஒருவர் எனவும் காணப்படுகிறது. பிணத்தைப் பார்த்துக் காரணம் கூறியவர்கள் வைத்தியம் பயிலாத முதிய பெண்கள். அத்தகைய பட்டியல்களை ஆராய்ந்து 1662இல் நூல் வெளியிட்ட ஜோன் கிரான்ட், பரங்கிப்புண்ணால் மாண்டோர் பலர் வேறு நோயின் பெயரால் எழுதப்பட்டதைக் கண்டார். குடும்பத்தாரின் வெட்கமும், அப்பெண்களுக்குக் கிடைத்த காசும் மதுவும் உண்மையை மறைத்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வில்லியம் பார் என்பவர், ஒரு நோய்க்குப் பல பெயர் வழங்கும் குழப்பத்தை நீக்கச் சீரான பெயர்முறை வேண்டுமென்றார். 1893இல் ஜாக் பெர்ட்டியோன் வகுத்த பட்டியல் சிக்காகோவில் ஏற்கப்பட்டது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஆறாம் திருத்தத்தை வெளியிட்டபோது, இறப்புக்கான காரணங்களோடு நோய்களும் காயங்களும் விரிவாக இடம்பெற்றன.

1990இல் அங்கீகரிக்கப்பட்ட பத்தாம் திருத்தத்தின்படி, நகம் சிதையாத விரற்காயம் எஸ் 61.0; நகம் சிதைந்தால் எஸ் 61.1. காரணத்துக்குத் தனிக்குறி உண்டு: நாய்க்கடி டபிள்யூ 54, தற்செயலான மனிதக்கடி டபிள்யூ 50. பாம்பு விஷமேறியதாயின் டி 63.0. அமெரிக்காவிலே 2015 முதல் வழங்கும் விரிவான முறையில் எக்கை, எவ்விரல், முதற் சிகிச்சையா என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். அங்கே காப்புறுதிக் கம்பனி பணம் செலுத்துவது அக்குறியைப் பார்த்தே.

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சை இலவசம். ஆகவே குறியீட்டின் பயன் கணக்கெடுப்பிலேயே தங்கியுள்ளது. விடுதியிலே தங்கிச் சுகமடைந்தோரின் நோய்விவரம் கொழும்பிலுள்ள மருத்துவப் புள்ளிவிவரப் பிரிவுக்குச் செல்கிறது. பாம்புக்கடி வெறுங் காயமாகப் பதிவானால், இக்கரையோர உழவரின் ஆபத்து கணக்கிலே தோன்றாது.

எழுதுவோர் எத்துணைக் கவனமுடையவராயினும், நோயாளி கூறுவதையே எழுதமுடியும். சண்டையிலே கடியுண்டவர் வெட்கத்தால் 'கதவிலே நசுங்கியது' என்று கூறின், கணக்குப் பிழைப்பதோடு அவருடைய விரலுக்கும் கேடு விளையலாம். ஆதலின் கடித்தது நாயா, பாம்பா, மனிதரா என்பதை வைத்தியரிடம் ஒளியாது சொல்லுதல் நம் கடமையாகும்.