சுன்னாகத்துக் கிணறுகளும் எண்ணெய் வழக்கும்

‘தோட்டம் துரவு’ என்று தமிழர் இணைத்தே சொல்வர். துரவு என்பது பெருங்கிணறு. நிலம் உண்டெனில் அதற்கு நீரும் வேண்டும் என்பதை இத்தொடரே உணர்த்தும். இது முற்றும் பொருந்தும் நாடு யாழ்ப்பாணம். அங்கே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. உழவும் குடியும் கிணற்றையே நம்பி நடந்தன. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஓடை கலங்கினால் மக்கள் கண்ணால் காண்பர். யாழ்ப்பாணத்தின் நீரோ சுண்ணாம்புப் பாறைக்குள் மறைந்து கிடப்பது. அந்நீரில் எண்ணெய் கலந்த செய்தியே சுன்னாகத்தின் வரலாறு.

மழைநீர் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. மணல் நீரை ஓரளவு வடிகட்டும். குடைவும் வெடிப்பும் நிறைந்த சுண்ணாம்புப் பாறை அவ்வாறு செய்வதில்லை. ஓரிடத்தில் நிலத்தில் கொட்டிய எண்ணெய் வேறோர் இடத்துக் கிணற்றில் தலைகாட்டக் கூடும். வலிகாமத்தின் நடுவே அமைந்த சுன்னாகம் இத்தகைய நிலத்தில்தான் உள்ளது.

அவ்வூரில் எண்ணெயால் இயங்கும் அரசு மின்நிலையம் ஒன்று நெடுங்காலம் இருந்தது. போர்க்காலத்தில் அதன் எண்ணெய்த் தாங்கி சேதமுற்றது. பின்னர் நொதேர்ன் பவர் என்னும் தனியார் நிறுவனம் அவ்விடத்தில் மின்னாக்கத்தில் ஈடுபட்டது. சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014 ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளை ஆராய்ந்தது. அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் மசகும் வரையறைக்கு மேற்பட்டிருந்தன.

எண்ணெய் உண்டென்பது தெளிந்தது. அது யாருடைய எண்ணெய், எப்போது கொட்டியது என்பதே வழக்காயிற்று. மாசு முன்னையோர் காலத்தது என்பது நிறுவனத்தின் வாதம்.

இவ்வினாவை அறிவியல் எவ்வாறு அணுகும்? முதலில் நிலத்தைத் துளைத்து, ஆழத்துக்கு ஆழம் மண்ணெடுத்துச் சோதிப்பர். குறைந்தது மூன்று கிணறுகளில் நீர்மட்டம் அளந்தால் நிலத்தடி நீர் எத்திசைச் சரிகிறது என்பது புலனாகும். சுண்ணாம்பு நிலத்தில் வெடிப்புகள் வழியை மாற்றுவதால் கிணறுகள் பல வேண்டும். பின்னர் வளிம நிறச்சாரல் பிரிகை என்னும் முறையால் எண்ணெயின் கூறுகளைப் பிரித்தறிவர். பென்சீன் போன்ற இலேசான கூறுகள் எளிதில் ஆவியாகும். நுண்ணுயிர்களும் பல கூறுகளைத் தின்றழிக்கும். ஆதலால் நாட்பட்ட எண்ணெயில் கனமான கூறுகளே மிகும். இவ்வேறுபாடு எண்ணெயின் வயதையும் மூலத்தையும் ஒருவாறு சுட்டும். பென்சீன் புற்றுநோய் விளைப்பது. குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை.

எனினும் ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. எந்த ஆண்டில் எந்தத் தாங்கி இருந்தது, கழிவெண்ணெய் எங்கே விடப்பட்டது, கிணறு எப்போது நாறத் தொடங்கியது என்பவற்றை ஏடுகளும் ஊராரின் நினைவும் சொல்ல வேண்டும். மாசாய்வு இங்கே வரலாற்று ஆய்வாகவே மாறிவிடுகிறது.

2015 ஆம் ஆண்டு இலங்கை உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடரப்பட்டது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. நிறுவனம் சுன்னாகத்தின் நிலத்தடி நீரை மாசுபடுத்தியதென நீதிமன்றம் கண்டது. மாசு செய்தவரே அதற்கு ஈடு தர வேண்டும் என்னும் நெறிப்படி, மக்களின் இழப்பில் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்ய 2 கோடி ரூபாய் செலுத்தப் பணித்தது. முன்னையோரும் மாசு செய்திருக்கலாம் என்னும் வாதம் பின்னையோரைப் பொறுப்பினின்று விடுவிக்கவில்லை.

பணம் கிணற்றை இறைக்க உதவும். பாறை வெடிப்பில் ஒட்டிய எண்ணெய் நீங்க ஆண்டுகள் பல செல்லும். ஆகவே ஆலை எழுமுன்னரே ஊர்க்கிணறுகளின் நீரை அளந்து, நாளும் அளவும் எழுதி, ஊரிலேயே ஒரு படி வைத்தல் வேண்டும். அவ்வேடு இருக்குமிடத்தில், பழைய மாசு எது, புதிய மாசு எது என்று வாதிடக் குடிகள் கிணற்றில் எண்ணெய் மிதக்கும் நாள்வரை காத்திருக்க நேராது.